வினாடிக்குப் பன்னிரண்டு படங்கள்

மேசை விளக்கைப் போட்டு இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பொம்மையின் முகம் சரியத் தொடங்கியது.

முதலில் வலது கன்னம் பளபளத்தது. அடுத்து வாயின் வலது ஓரம் மெல்லக் கீழே இறங்கியது. கண்ணாகப் பதித்திருந்த கறுப்பு மணி இடம்விட்டுக் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. பல்செட் செய்கிற ரோஸ் நிற மெழுகில், ஒரு வாரம் உட்கார்ந்து நான் செதுக்கிய முகம் அது. மெழுகு சூட்டுக்கு இளகும் என்பது இருபது வருடத்துக்கு மேலாக அந்த மெழுகோடு பிழைக்கிற எனக்குத் தெரியாததா? தெரியும். விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தபோது நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

எதிரே நாற்காலியில் என் கணவர் சுப்ரா உட்கார்ந்திருந்தார். ஒரு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. முகத்தின் வலது பக்கமும் லேசாக இறங்கியிருந்தது. இப்போது மேசையில் நின்ற பொம்மைக்கும் அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு இறங்கிக்கொண்டிருந்தது.

கேலி செய்வதாக நினைத்துவிடுவாரோ என்று விளக்கை அணைக்கப் பாய்ந்தேன். அவர் இடது கையை நீட்டித் தடுத்தார். பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் தன் வாயோரத்தைத் தொட்டார். பிறகு பொம்மையின் வாயோரத்தைக் காட்டினார்.

"அலாமாக்!" என்றார். மலாயில் 'ஐயையோ' என்பதுபோல.

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, எச்சில் வழிய, துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டு மலாய் அக்கா, காக் ரோஹானி, சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று மலாயில் விசாரிக்கிற அளவுக்குச் சிரித்தோம்.

லூமுட்டிலிருந்து ஒரு குரல்

இந்தத் தொடரில் இதுவரை என் வேலையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில், பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்கிற வேலை. இடையில் ஓர் அத்தியாயத்தில், 'வீட்டில் நாங்கள் பொம்மைப் படம் எடுப்போம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்.

லூமுட்டில் இருக்கும் ஒரு வாசகி இந்த இதழுக்குக் குரல் பதிவு அனுப்பிவிட்டார். "பொம்மைய நகத்தி நகத்திப் படம் எடுக்குறேன்னு சொல்லிட்டு அப்படியே விட்டுட்டீங்களே அக்கா. எப்படி ஆரம்பிச்சீங்க, என்னென்ன சாமான் வேணும், ஒழுங்கா சொல்லுங்கலா. நானும் செஞ்சு பாக்கணும்."

தங்கச்சி, சாமான்களைச் சொல்வது சுலபம். கம்பி, துணி, ஒரு தகரத் தட்டு, நான்கு காந்தம், கைப்பேசி. ஆனால் அவரைப் பற்றிச் சொல்லாமல் இதை மட்டும் சொல்ல எனக்கு வராது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அவரிடம் மிஞ்சிய சொற்கள்

சுப்ரா வயர்மேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில், எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் அவர்தான். லூமுட் வரைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே வேலைக்குப் போய் வருவார். நல்ல வாய். சுவிட்சு மாட்டப் போன வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அழைப்பு வாங்கிக்கொண்டு வருகிற ஆள்.

அப்படிப்பட்டவரிடம் பக்கவாதம் மூன்று சொற்களை மிச்சம் வைத்தது. ஆமா. அது. அலாமாக்.

நாம் பேசுவது அவருக்கு முழுதாகப் புரியும் என்றார் டாக்டர். பதில் சொல்லத்தான் சொல் அகப்படாது. 'அலாமாக்' மட்டும் பழைய கணீர்க் குரலில், குறையில்லாமல் வந்தது. 'ஆமா'வை நம்ப முடியாது. வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா.

"தேத்தண்ணி போடவா?"

"ஆமா."

போட்டுக் கொண்டுவந்து வைத்தால் முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் தள்ளுவார். தலையாட்டுவதும் அப்போது அப்படித்தான். அவருக்கே அது தெரியும். தெரிந்து, தன்மேலேயே எரிச்சல்படுவார்.

இன்னொன்றும் மிச்சம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த இளம்பெண். நாங்கள் அவரை 'மிஸ்' என்போம். எத்தனை விரல் என்று கேட்டால் இவருக்குச் சொல்ல வராது. ஆனால் மிஸ் "ஒண்ணு" என்று எடுத்துக்கொடுத்தால், "ரெண்டு, மூணு, நாலு" என்று பாட்டுப்போல தானாகவே போவார். எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியாது.

இடது கை பழகவும் மிஸ் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு கிண்ணத்திலிருந்து மரக்கட்டைகளை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் இரண்டு கிண்ணத்தையும் புறங்கையால் தரையில் தட்டிவிட்டார். வீடு முழுக்க ஒயர் இழுத்த கை அது. கட்டை பொறுக்கச் சொன்னால் அதற்கு மானம் போகாதா?

அதன் பிறகு பயிற்சிக்குப் போக மறுத்துவிட்டார். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, போடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் காலையில் வேலைக்குப் போகும்போது எப்படி இருந்தாரோ, சாயங்காலம் வரும்போதும் அப்படியே இருப்பார்.

ஒரே முகம்

அவருக்கு மாத்திரை வாங்க மருந்தகத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், கைப்பேசியில் அந்தக் காணொளியைப் பார்த்தேன். ஒரு சாண் உயரத் துணிப் பொம்மை அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்தது. கையைத் தட்டிக் கரியை உதறியது. உயிருள்ளதுபோல இருந்தது. எப்படி எடுத்தார்கள் என்பதையும் கடைசியில் காட்டினார்கள். பொம்மையை ஒரு துளி நகர்த்து, ஒரு படம் எடு. இன்னொரு துளி நகர்த்து, இன்னொரு படம். பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு வினாடி.

எனக்குச் சட்டென்று நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்துத் திடல் ஞாபகம் வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எப்போதாவது வேன் வந்து, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மறுநாள் காலையில் புல்லில் அறுந்த பிலிம் துண்டு ஏதாவது கிடக்கும். ஒரு தடவை எனக்கு ஒரு முழ நீளத் துண்டு கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வரிசையாக ஒரு பெண்ணின் முகம். எல்லாக் கட்டத்திலும் அதே முகம். ஏமாந்துபோய், நாலு ரப்பர் கொட்டைக்கு அதை என் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

அவன் அதைப் பல நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே மூஞ்சி இல்ல புள்ள. கண்ண மூடிக்கிட்டு வருது" என்றான். நான் நம்பவில்லை. மருந்தகத்து நாற்காலியில்தான் நம்பினேன்.

கட்டையை எடுத்து வைப்பதற்கும் பொம்மையின் கையைத் துளித்துளியாக நகர்த்துவதற்கும் விரல் செய்கிற வேலை ஒன்றுதான். ஆனால் ஒன்றின் முடிவில் கட்டை இருக்கும். மற்றதில் யாரோ கையை ஆட்டுவார்கள். அவ்வளவுதான் நான் யோசித்தது.

மரத்துக்கா, மனுசனுக்கா?

முதல் உடம்பை நானே கட்டினேன். லேப்பில் பல்செட்டுக்குக் கொக்கி வளைக்கும் எஃகுக் கம்பி இருந்தது. அதில் கை, கால், முதுகு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையைத் தூக்கி நிறுத்தினால் விருட்டென்று பழைய இடத்துக்கே திரும்பியது. எஃகுக்கு அந்தக் குணம். வளைத்த இடத்தில் நிற்காது.

இரண்டு நாள் நான் அதோடு மல்லுக்கட்டியதை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் எழுந்தார். காலை இழுத்து இழுத்துப் பின்னால் ஸ்டோருக்குப் போனார். ஒரு வருடமாகத் தொடாத சாமான் பையை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு துண்டு மின்கம்பியை எடுத்து, ஒரு முனையை வலது முழங்கையால் மேசையோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் மேல்தோலை உரித்தார். உள்ளே செம்பு மின்னியது. இரண்டு இழையைச் சேர்த்துக் குறட்டால் முறுக்கினார். கால் மணி நேரம் ஆனது. வியர்த்துக் கொட்டியது.

வளைத்து என் முன்னால் வைத்தார். வளைத்த இடத்திலேயே நின்றது.

"அது," என்றார்.

செம்பும் நிலைக்கவில்லை. மூன்று நாளில் முழங்கையில் ஒடிந்தது. திரும்பத் திரும்ப வளைத்தால் செம்பு இறுகி முறிந்துவிடும். அவர் யோசித்து, வாசலில் இருந்த பூந்தொட்டியைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. செடியைப் பிடித்து வளைப்பதுபோல் சைகை செய்தார். குள்ள மரங்களை வளைக்கச் சுற்றுவார்களே, அந்தக் கம்பி.

ஈப்போ போகும் சாலையில் ஒரு நாற்றங்கால் இருக்கிறது. அங்கே இருந்த சீன அங்கள் மலாயில், என்ன மரத்துக்கு என்று கேட்டார்.

"மரத்துக்கு இல்ல அங்கள், மனுசனுக்கு" என்று நானும் மலாயில் சொல்லி, கைப்பேசியில் ஒடிந்த பொம்மையின் படத்தைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மெல்லிய அலுமினியக் கம்பி ஒரு சுருள் எடுத்தார். பிறகு உள்ளே போய்த் தடித்தது ஒன்றும் கொண்டுவந்தார். இது கைகாலுக்கு, இது முதுகுக்கு என்றார். இன்றுவரை எங்கள் பொம்மைகள் எல்லாம் அவர் சொன்ன கணக்குப்படிதான் நிமிர்ந்து நிற்கின்றன.

பொம்மையின் தலைக்கு நேர்ந்த கதையைத்தான் முதலில் சொன்னேன். சிரித்து முடித்த பிறகு, இளகிய மெழுகைச் சரிசெய்யப் போனேன். அவர் விடவில்லை. பொம்மையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இப்படியேவா? வாய் கோணிக்கிட்டு இருக்கேங்க."

கண்மணியை மட்டும் பழைய இடத்தில் வைக்கச் சொல்லிக் காட்டினார். வாயைத் தொடவிடவில்லை. மறுநாள் அந்த முகத்தை அப்படியே லேப்புக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டரில் அச்செடுத்து, பல்செட்டுக்கு ஊற்றுவதுபோலவே அக்ரிலிக்கில் ஊற்றினேன். இனி எந்த விளக்கும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

கற்றுக்கொண்டது

தங்கச்சி, இங்கே குறித்துக்கொள்ளுங்கள். முதலில் விசிறியை நிறுத்துங்கள். பொம்மைச் சட்டையின் ஓரம் காற்றில் ஆடினால் படத்தில் எறும்பு மொய்ப்பதுபோல் துடிக்கும். ஜன்னலை நன்றாக மூடுங்கள். மேகம் ஒன்று கடந்துபோனாலும் படத்தில் வெளிச்சம் விட்டு விட்டு வரும். கைப்பேசியில் வெளிச்சத்தை ஒரே அளவில் பூட்டி வையுங்கள். வெளிர்நிற உடுப்புப் போடாதீர்கள், உங்கள் நைட்டியின் வெளிச்சம் பொம்மை முகத்தில் விழும்.

விசிறி இல்லாமல், ஜன்னல் மூடி, செமோர் வெயிலில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொம்மையின் ஒவ்வொரு பாதத்திலும் ஓர் இரும்பு நட்டு வைத்தோம். தரை, தகரத் தட்டு. தட்டுக்குக் கீழே காந்தம். அப்போதுதான் ஒற்றைக் காலில் நிற்கும். கைப்பேசியைப் பிளாஸ்டர் கட்டியில் புதைத்து நிறுத்தினேன். முந்தின படத்தை நிழலாகக் காட்டும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. எவ்வளவு நகர்த்தினோம் என்று அந்த நிழலைப் பார்த்தால் தெரியும்.

எங்கள் முதல் படம் ஒரே வினாடி. பொம்மை கையைத் தூக்குகிறது, அவ்வளவுதான். அவர் நகர்த்த, நான் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் அவர் எண்ணினார். நான் "ஒண்ணு" என்று எடுத்துக்கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "பத்து... பதினொண்ணு... பன்னெண்டு." பன்னிரண்டில் நிறுத்தினார். அவராகவே நிறுத்தினார்.

அந்த ஒரு வினாடியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தோம் என்று தெரியாது. மிஸ்ஸிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "அந்த வலது கைய சும்மா மடியில வைக்காதீங்க அங்கள். தட்ட அது பிடிச்சிக்கட்டும்" என்றார். அதிலிருந்து வலது கை தட்டைப் பிடிக்கும் கையானது. பயிற்சிக்கும் மறுபடி போக ஆரம்பித்தார்.

பிறகு என் சாயலிலும் ஒரு பொம்மை வேண்டும் என்று சைகையில் அடம்பிடித்தார். மெழுகில் என் முகத்தைச் செய்தபோது, மூக்கு சின்னதாக இருக்கிறது என்று இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். என் மூக்கு அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுவரை யாரும் சொன்னதில்லை.

கம்பியில் ஒரு கேட்

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் தனியாக ஏதோ செய்துகொண்டிருந்தார். மெல்லிய கம்பியை நீட்டி, வளைத்து, ஒன்றோடொன்று முறுக்கி வைப்பார். கேட்டால் "அது" என்பார். ஏழெட்டு நாள் ஆனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு மேசையைக் காட்டினார்.

கம்பியில் ஒரு கேட். இரண்டு கதவு. கீல்கூட வைத்திருந்தார், திறந்தால் திறக்கும். இடது கதவில் ஐந்து பூ, வலது கதவில் நான்கு பூ. எங்கள் வீட்டுக் கேட்டில் வலது பக்கம் ஒரு பூ உடைந்து விழுந்து பல வருடம் ஆகிறது.

கேட்டுக்கு உள்பக்கம், சுவரோரமாக, ஒரு விளையாட்டு மோட்டார் சைக்கிளையும் நிறுத்தியிருந்தார்.

அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பக்கவாதம் வந்த அன்று காலையில் நாங்கள் சண்டை போட்டோம். ரத்த அழுத்த மாத்திரையை அவர் பல வாரமாகச் சாப்பிடாமல் அலமாரிக்குள் போட்டுவைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். கத்தினேன். அவரும் கத்தினார். "உங்க உடம்பு, நீங்களே பாத்துக்குங்க. எனக்கென்ன" என்றேன்.

"நான் ஆயர் தாவாருக்குப் போறேன். எங்க அக்கா வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்றார்.

"போங்க. யாரு பிடிச்சா?"

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஈப்போவில் காரை நிறுத்தும்போது காக் ரோஹானி போனில் அழுதுகொண்டே கூப்பிட்டார். கேட் திறந்து கிடந்தது. சுப்ரா வெளியே ரோட்டோரத்தில் விழுந்து கிடந்தார். சட்டைப் பையில் மோட்டார் சாவி இருந்தது.

நான் போன கையோடு அவரும் கிளம்பிவிட்டார். என்னை விட்டுப் போகத்தான் கேட்டைத் திறந்தார். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவரைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தோளில் தாங்கி நடக்க வைத்தேன். ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும். இந்த ஆள் உன்னை விட்டுப் போக நினைத்தவர். போக முடியாததால் இங்கே இருக்கிறார்.

கேட்கலாம்தான். 'என்னைய விட்டுட்டுப் போகத்தான் வெளிய வந்தீங்களா?' என்று. அவர் 'ஆமா' என்பார். அந்த 'ஆமா'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு சனி, ஒரு ஞாயிறு

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கைப்பேசிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

முதலில் என் பொம்மை. கேட்டுக்கு வெளியே நிறுத்தி, இடது பக்கமாக நடக்க வைத்தார். காருக்குப் பதில் நடை. படச் சட்டத்தை விட்டு வெளியே போகும்வரை தலை திரும்பவில்லை. சனிக்கிழமை முழுவதும் அதற்கே போனது. நான்கு மணிக்கு இடியோடு மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தினோம்.

ஞாயிறு காலை அவர் பொம்மை வாசலில் நின்றது. விசிறியை நிறுத்தினேன்.

"ஒண்ணு," என்றேன்.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒருவர் உங்களை விட்டுப் போகிறாரா இல்லையா என்பது நாலு எட்டில் தெரிந்துவிடும். அந்த நாலு எட்டை அவர் ஐம்பது படமாக எனக்குக் காட்டினார். ஒரு துளி நகர்த்துவார், கையை எடுப்பார், நான் அழுத்துவேன். பொம்மை மோட்டாரை நோக்கித்தான் வந்தது. வாசலிலிருந்து வேறு வழியில்லை, மோட்டாரைத் தாண்டித்தான் கேட்டுக்கு வர வேண்டும். இன்னும் ஒரு துளி. மோட்டாரின் பின்சக்கரத்துக்கு நேராக வந்துவிட்டது. எனக்கு விரல் வழுக்கியது.

"ஏழு," என்றார். "எட்டு."

பொம்மை மோட்டாரைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டியது. கேட்டைத் தள்ளித் திறந்தது. வெளியே வந்து, இடது பக்கம் திரும்பியது. என் பொம்மை போன பக்கம். அவசரமாக நாலு எட்டு வைத்தது. அவசரம் என்றால் எங்கள் தொழிலில் படத்தின் எண்ணிக்கை குறையும், நகர்த்தும் தூரம் கூடும். பெரிய பெரிய நகர்த்தலாக நகர்த்தினார். பிறகு பொம்மையின் வலது கையைத் தூக்கினார். தலைக்கு மேல், முழு நீளத்துக்கும் தூக்கினார்.

நில்லு என்று கூப்பிடுகிற கை.

"என்னையவா?" என்றேன். "என்னையவாங்க கூப்பிட்டீங்க?"

கைப்பேசியைக் காட்டினார். அழுத்து.

அழுத்தினேன். பிறகு சொன்னேன், "நான் திரும்பிப் பாத்த மாதிரி வச்சுக்கலாங்க. என் பொம்மையக் கொண்டாந்து ஓரத்துல நிறுத்தி, தலைய மட்டும் திருப்பிடுறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

என் பொம்மையை எடுத்த கையை அவர் பிடித்துக்கொண்டார். மெதுவாகக் கீழே இறக்கினார். நடக்காததை எடுக்க அவருக்கு மனமில்லை.

அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். தூக்கிய கை இறங்க ஆரம்பித்தது. முழங்கால் மடிந்தது. போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு துளியாக, அவரே அவரைக் கீழே படுக்க வைத்தார். ஒவ்வொரு துளிக்கும் நான் படம் எடுத்தேன். காக் ரோஹானி சொல்லித்தான் எனக்குத் தெரிந்திருந்த அந்த விழுதலை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். வலது பக்கமாகத்தான் விழுந்திருக்கிறார். கன்னம் தரையில் பட்டிருக்கிறது.

கடைசிப் படத்தை எடுத்துவிட்டுக் கைப்பேசியை நிறுத்தப் போனேன்.

"அது," என்றார். என் பொம்மையைக் காட்டினார்.

"அது போயிருச்சுங்க. போயாச்சுல்ல?"

அப்படியில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். என் பொம்மையை எடுத்து, போன அதே ஓரத்தில், இந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"காக் ரோஹானிதானே வந்தாங்க. நான் எங்க வந்தேன்? நான் நேரா ஆஸ்பத்திரிக்குத்தானே வந்தேன்?"

அவர் வாயைத் திறந்தார். ஒரு சொல் அவருக்குள் எங்கேயோ இடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நான் காத்திருந்தேன். எடுத்துக்கொடுக்க எனக்கும் அது என்ன சொல் என்று தெரியவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது. மேசையை ஒரு தட்டுத் தட்டினார்.

"வந்த," என்றார்.

என்னைப் பார்த்து இன்னொரு முறை சொன்னார். "நீ... வந்த."

என் பொம்மையின் இடுப்பைப் பிடித்து நானே முதல் துளியை நகர்த்தினேன். அதுவரை படத்துக்காக நான் பொம்மையை நகர்த்தியதே இல்லை. அவர் கைப்பேசிப் பக்கம் சாய்ந்து, இடது கையால் அழுத்தினார். பாதி வழியில் என் பொம்மையின் முழங்காலில் கம்பி ஒடிந்தது. மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். அதனால் நொண்டிக்கொண்டே நடத்தினேன். விழுந்து கிடந்தவர் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அவர் தலையை எடுத்து மடியில் வைக்கும் இடத்தில் என் கண்ணை நீர் மறைத்தது. முழங்கை தட்டில் பட்டு, கேட், மோட்டார், நாங்கள் இருவர், எல்லாம் ஒரு விரல்கடை நகர்ந்துவிட்டது.

படம் இப்போதும் அந்த இடத்தில் ஒரு குலுக்குக் குலுக்கும். ஆயர் தாவாரிலிருந்து அவருடைய அக்கா வந்து பார்த்துவிட்டு, அங்கே ஏதோ கோளாறாகிவிட்டது, அதை மட்டும் மறுபடி எடுத்துவிடுங்கள் என்றார். நானும் அன்றே அதைத்தான் கேட்டேன்.

"கலைச்சிட்டு, முதல்லேருந்து எடுப்போமாங்க?"

அவர் நகர்ந்துபோன தட்டைப் பார்த்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி, தட்டைப் பிடிக்க வேண்டிய இடத்தில் வைத்து, விரல் ஒவ்வொன்றாக மடங்கும்வரை காத்திருந்தார். பிறகு என் பொம்மையின் கையைத் தன் பொம்மையின் நெற்றிமேல் வைக்கச் சொல்லி எனக்குக் கண்ணால் காட்டினார். வைத்தேன்.

"பன்னெண்டு," என்றார். படம் எடுத்துக்கொண்டோம்.